குழந்தை பார்க்கும் வீடு: போர்டு மாட்டினால் மட்டும் ஆள் வருமா?

மே கடைசியில் திருவண்ணாமலை வீட்டு புரோக்கர்களுக்குப் போன் ஓயாது. இடமாறுதல் வாங்கி வரும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள், போலீஸ்காரர்கள் என்று வெளியூர்க் குடும்பங்கள் வேங்கிக்கால் பக்கமும் செங்கம் சாலைப் பக்கமும் வீடு தேடி அலையும் காலம் அது. தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எவ்வளவு என்று மூன்று கேள்விகள் எல்லாரும் கேட்பார்கள். இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் நான்காவதாக ஒன்று வரும்.

"பக்கத்துல குழந்தையைப் பார்த்துக்க யாராச்சும் இருக்காங்களா?"

அந்த 'யாராச்சும்' நாமாக இருந்தால் என்ன என்று யோசிக்கும் பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, வீட்டில் பகல் முழுக்க ஒரு ஹால் சும்மா கிடக்கிறது. வெளியே வேலைக்குப் போக வீட்டுச் சூழல் விடவில்லை. குழந்தை வளர்த்த அனுபவம் கைவசம் இருக்கிறது. பெரிய முதலீடு வேண்டாம். சரி, ஆரம்பிக்கலாம்.

பெரும்பாலும் இங்கேதான் முதல் சறுக்கல். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், இணையத்தில் எடுத்த வெள்ளைக்காரக் குழந்தை படத்தோடு ஒரு போர்டு அடித்து கேட்டில் மாட்டிவிட்டுக் காத்திருப்பது. ஒரு மாதம் போகும், இரண்டு மாதம் போகும். தெருவில் போகிறவர்கள் படிப்பார்கள். கேட்டைத் தட்ட மாட்டார்கள்.

காரணம் ரொம்ப எளிது. தோசை மாவு விற்கிறவர் வீட்டில் போர்டு பார்த்து ஒரு பாக்கெட் வாங்கிப் பார்க்கலாம், புளித்திருந்தால் நாற்பது ரூபாயோடு போயிற்று. எட்டு மாதக் குழந்தையை அப்படி 'ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம்' என்று எந்தத் தாயும் கிளம்ப மாட்டார். இந்தத் தொழிலில் விளம்பரம் என்பது ஆளைக் கூப்பிடுவதற்காக இல்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, அவர் நம்பும் இன்னொருவர் வாய் வழியாக நம் பெயர் போய்ச் சேர வேண்டும். போர்டு அதற்குப் பிறகு, வீட்டை அடையாளம் காட்ட.

யார் வருவார்கள், எப்போது வருவார்கள்

இந்தத் தொழிலுக்குப் போட்டி பக்கத்துத் தெரு ப்ளே ஸ்கூல் இல்லை. பாட்டிகள்தான். மாமியாரோ அம்மாவோ அதே ஊரில் இருக்கும் குடும்பத்தில், எவ்வளவு சண்டை சச்சரவு இருந்தாலும், குழந்தை அங்கேதான் வளரும். அந்த வீடுகளைத் தேடி நோட்டீஸ் கொடுப்பது வீண். பாட்டி இல்லாத குடும்பங்கள், பாட்டிக்கே மூட்டு வலியோ சர்க்கரையோ வந்துவிட்ட குடும்பங்கள், பாட்டியே வேலைக்குப் போகும் குடும்பங்கள்... வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். கடைசி வகை பலர் கண்ணில் படுவதில்லை. பூ கட்டி விற்கிற பாட்டி, லாட்ஜில் துப்புரவு வேலை பார்க்கிற பாட்டி எல்லாம் கோயில் ஊரில் சகஜம்.

அடுத்து, நாள்காட்டி. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்தது. தனியார் நிறுவனங்களில், 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஆக, அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கொண்டுவரும் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயது இருக்கும். தத்தித் தத்தி நடக்கும், சாதத்தைப் பிசைந்து ஊட்டலாம். தனியார் வங்கியில் வேலை பார்ப்பவர் குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. தாய்ப்பால் எடுத்து வைத்துக் கொடுத்தனுப்புவார், இணை உணவு அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விற்பனைப் பெண்களுக்கோ சட்டம் ஏட்டில்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சின்னக் கடைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. அவர்கள் மூன்று மாதக் குழந்தையோடு வந்து நிற்பார்கள். மூன்று விதக் குழந்தைக்கும் வேலை வேறு, கவனம் வேறு, கட்டணமும் வேறாக இருப்பதுதான் நியாயம்.

விடுப்பு முடியும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே தாய்மார்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வாரம் முன்பு நம் பெயர் காதில் விழுந்து பிரயோசனமில்லை. அதற்குள் ஊரிலிருந்து சித்தியை வரவழைத்திருப்பார்கள்.

2017 திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்கிறது சட்டம். அந்த வசதியை நிறுவனம் தனியாகவும் வைக்கலாம், மற்ற நிறுவனங்களோடு பொதுவாகவும் வைக்கலாம். பெரிய தனியார் பள்ளி, மருத்துவமனை, ஷோரூம் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் ஒருமுறை அங்கே மேலாளரைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம். நடக்குமா என்றால், பெரும்பாலும் 'பார்க்கலாம்மா' என்றுதான் பதில் வரும். ஆனாலும் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் காதுக்கு விஷயம் போய்விடும். போனதுக்கு அது போதும்.

போர்டில் என்ன எழுதக் கூடாது

'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வேண்டாம். காப்பகம் என்றால் ஆதரவற்ற குழந்தைகள் தங்கும் இல்லம் என்றும் பொருள் உண்டு. அதற்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு வேண்டும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதி, இல்லங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பகலில் நான்கு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் எதற்கு அந்தச் சொல்லைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? 'இரவு தங்கும் வசதி உண்டு' என்ற வரியும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

'ப்ளே ஸ்கூல்' என்ற பெயரும் அப்படித்தான். 2015-ல் தமிழ்நாடு அரசு ப்ளே ஸ்கூல்களுக்கு விதித்தொகுப்பு வெளியிட்டுவிட்டது. அந்தப் பெயரில் நடத்த அனுமதி வாங்க வேண்டும். ஏ, பி, சி, டி சுவரில் ஒட்டியிருந்தால் கூடுதலாக இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்து அந்தப் பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்குவானேன்.

'பகல் நேரக் குழந்தை பராமரிப்பு' என்று போதும். அதன் கீழே நேரம், எத்தனை வயதுக் குழந்தைகள், கைபேசி எண். அந்த எண்ணும் வீட்டு ஆண்களுடையதாக இல்லாமல், பார்த்துக்கொள்ளும் பெண்ணுடையதாகவே இருக்கட்டும். கூப்பிடப் போவது ஒரு தாய். எதிர்முனையில் ஆண் குரல் கேட்டால், விவரம் கேட்காமலேயே வைத்துவிடுவார்.

இங்கிலாந்தில் வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்கு 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. 2001-லிருந்து ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு அவர்களைப் பதிவு செய்து, வீட்டுக்கே வந்து சோதிக்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒருவரிடம் 6 பேருக்கு மேல் கூடாது, அதில் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் 3 பேர், ஒரு வயதுக்குட்பட்டது ஒன்றே ஒன்று என்பது அங்கே பொதுவான கணக்கு. நம் ஊரில் வீட்டில் குழந்தை பார்ப்பவருக்கு என்று தனிப் பதிவு முறை கிடையாது. சுதந்திரம் என்று தோன்றலாம். உண்மையில் இது தொழில் செய்பவருக்குத்தான் நஷ்டம். 'அரசு சோதித்த வீடு' என்று காட்ட ஒரு காகிதம் இல்லாததால், ஒவ்வொரு தாயிடமும் முதலிலிருந்து நம்பிக்கை சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

வாய் வழி போகும் செய்தி

ஊரில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டு புரோக்கருக்குத் தெரியும். மருந்துக்கடையில் டயபர் விற்கிறவருக்குத் தெரியும். பால் ஊற்றுகிறவர், இஸ்திரி போடுகிறவர், அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், ஸ்கேன் சென்டர் வரவேற்பு மேஜைப் பெண் என்று ஒரு பத்துப் பேரிடம் மொத்த ஊரின் கணக்கும் இருக்கிறது. ஆயிரம் நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து அனுப்பும் காசுக்கு, இந்தப் பத்துப் பேரையும் நேரில் பார்த்து ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வரலாம். பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் போதும்.

அங்கன்வாடி ஊழியரைப் போட்டியாளராகப் பார்ப்பது தவறு. அங்கே முன்பருவக் கல்விக்கு வருவது இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், அதுவும் பகலில் சில மணி நேரம். மத்திய அரசின் தேசிய குழந்தைகள் காப்பகத் திட்டம் வகுத்த நேரமே ஒரு நாளைக்கு ஏழரை மணிதான், மாதம் 26 நாள். திட்டம் இப்போது 'பால்னா' என்ற பெயரில் தொடர்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து இரவு எட்டுக்கு மூடும் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு ஏழரை மணி எந்த மூலைக்கு? 2021-லிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும், சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருவது சுலபமாகியிருக்கிறது. பயண நேரத்தையும் சேர்த்தால் குழந்தை பத்து, பதினொரு மணி நேரம் வெளியே இருக்க வேண்டியிருக்கும். அங்கன்வாடி முடிந்த பிறகான மிச்ச நேரத்துக்கு அந்த ஊழியரே ஆள் சொல்லி அனுப்புவார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய்மார்கள் குழந்தையோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் நோட்டீஸ் நீட்ட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண் ஒருவருக்குத் துணையாகப் போய், அழுகிற குழந்தையை இரண்டு நிமிடம் வாங்கித் தோளில் போட்டால் போதும். "அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?" என்று அவர்களே கேட்பார்கள்.

கைபேசியில் செய்ய வேண்டியது இரண்டே காரியம். கூகுள் மேப்பில் வீட்டை இலவசமாகப் பதிவு செய்யலாம். புதிதாக ஊருக்கு வருகிறவர் முதலில் தேடுவது அங்கேதான். இன்னொன்று, தெரு, அபார்ட்மென்ட், பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே ஒரு செய்தி. தினமும் 'குட் மார்னிங்' படத்தோடு விளம்பரம் போட்டால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. பார்த்துக்கொள்ளும் குழந்தைகளின் படத்தை ஸ்டேட்டஸில், ரீல்ஸில் போடுவது. ஆசையாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் எந்த வீட்டில், எந்த நேரத்தில், எந்தக் குழந்தை இருக்கிறது என்று ஊருக்கே சொல்வது அது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. மதியம் ஒரு படம், அதுவும் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு மட்டும். அந்தப் படத்தை வேலைக்கு நடுவில் அம்மா பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டுவாரே, அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

வந்து பார்க்கும் அந்த அரை மணி நேரம்

தாய் வீட்டைப் பார்க்க வருகிறார். கூடவே கணவர், சில சமயம் மாமியாரும். காபி கொடுத்து உபசரிப்பதில் கவனம் போய்விடும். வந்தவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

முதலில் தண்ணீர். சம்ப் மூடி, பாத்ரூம் பக்கெட், பிளாஸ்டிக் டிரம். நடை பழகும் குழந்தை அரை பக்கெட் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. சத்தமும் வராது. சம்ப் மூடிக்குப் பூட்டு, காலி பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம், பாத்ரூம் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் இந்த மூன்றும் இல்லாத வீட்டில் குழந்தையைச் சேர்க்கவே கூடாது.

திருவண்ணாமலைக்கு என்று ஒரு பிரச்சினை உண்டு: குரங்கு. மலையை ஒட்டிய தெருக்களில் வாழைப்பழத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் குரங்கு வந்தால் என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னலுக்கு வலை, வாசலுக்கு கிரில், மொட்டை மாடியில் சோறூட்டுவதில்லை என்று தாயிடம் நாமாகவே சொல்லிவிடலாம். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இது தெரிந்திருக்காது. தெரியாத ஆபத்தைச் சொல்லித் தடுப்பும் காட்டுகிறவரிடம் மரியாதை தானாக வரும்.

தூளியைப் பற்றியும் பேசிவிட வேண்டும். புடவைத் தூளியில் போட்டால் குழந்தை சீக்கிரம் தூங்கும், உண்மை. கொக்கி எவ்வளவு எடை தாங்கும், பெரிய குழந்தை வந்து சுற்றி முறுக்காமல் யார் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. தூளி கட்டினால் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து காது கொடுத்தால் போதாது.

எந்தத் தாயும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பகலில் இந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள்? கணவர் ஷிஃப்ட் வேலையா? கொழுந்தன் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாரா? மாடியில் குடியிருப்பவர் யார்? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கிவிட்டு, கேட்காமலேயே 'யோசிச்சுச் சொல்றோம்' என்று கிளம்பிவிடுவார்கள். கேட்பதற்கு முன் நாமே சொல்வதுதான் சரி. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனக்கான காவல் சரிபார்ப்புச் சான்றுக்குத் தானே விண்ணப்பிக்க முடியும். குழந்தை பார்ப்பவரும் வீட்டில் இருக்கும் வயது வந்தவர்களும் அதை வாங்கி ஒரு ஃபைலில் வைத்திருந்தால், 'அரசு சோதித்த வீடு' என்ற காகிதம் இல்லாத குறைக்கு ஓரளவு ஈடாகும். வீட்டு ஆண்கள் இதற்கு முகம் சுளித்தால் அந்த வீட்டில் இந்தத் தொழில் வேண்டாம். பட்டென்று சொல்வதாகத் தோன்றினாலும், இதில் சமாதானம் கிடையாது. குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற எண் குழந்தைகள் உதவிக்கென்றே இருக்கிறது.

வந்தவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. "நீங்க சைவமா, அசைவமா?" பல சமயம் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை. எந்த ஆளுங்க என்று தெரிந்துகொள்ளச் சுற்றி வளைத்து வருகிற கேள்வி. வீடு வாடகைக்கு விடும்போது கேட்பது போலவேதான். 'உங்க குழந்தைக்கு நீங்க கொடுத்தனுப்புறதைத்தான் ஊட்டுவேன்' என்பது நேர்மையான பதில், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலும் துருவுகிறவர் குழந்தையைக் கொண்டுவராவிட்டால் நஷ்டமில்லை. ஒரே பாயில் நான்கு குழந்தைகள் தூங்கும் வீட்டில் இந்தக் கணக்கை உள்ளே விட்டால் பிறகு வெளியே தள்ள முடியாது. குழந்தை பார்ப்பவரும், வருகிற பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் எண்ணமிருந்தால் வேறு தொழில் பார்ப்பது நல்லது.

எத்தனை குழந்தை, எவ்வளவு பணம்

தேசிய குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று கணக்கு. எழுதியவர் 25 குழந்தையோடு ஒரு மதியம் இருந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். வீட்டில் ஒருவர் மட்டும் பார்ப்பதானால் மூன்று, மிஞ்சினால் நான்கு. அதில் கைக்குழந்தை ஒன்றுதான். தீ விபத்தோ வேறு அவசரமோ என்றால் ஒருவர் இரண்டு கையில் எத்தனை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும் என்று கேட்டுக்கொண்டால் விடை வந்துவிடும்.

பணத்தில்தான் நம் பெண்கள் தோற்பார்கள். "எவ்வளவுங்க்கா?" என்று கேட்டதும், "நம்ம குழந்தை மாதிரிதானே, பார்த்துக் குடுங்க" என்று வந்துவிடும் வாய். பார்த்துத்தான் கொடுப்பார்கள், குறைவாக. இரண்டு மாதத்தில் மனக்கசப்பு. தெருவில் வேறு யாரும் கேட்கிற கட்டணம் தெரியாவிட்டால் கணக்கை இப்படிப் போடலாம். கணக்குக்காக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு குழந்தைக்கு 16,000. இதில் கூடுதல் மின்சாரம், கேஸ், சோப்பு, துணி துவைக்கும் செலவு, உடைகிற பொருள், குழந்தை வராத மாதம் எல்லாம் போக 12,000 நின்றால், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், 26 நாள் உழைப்புக்கு மணிக்கு 46 ரூபாய். கணக்கைப் பார்த்த பிறகு 'பார்த்துக் குடுங்க' வாயில் வராது.

மாத முதல் வாரத்தில் முன்பணம். தாமதமாக அழைத்துப் போனால் மணிக்கு இவ்வளவு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வரக் கூடாது, ஆனால் கட்டணம் உண்டு. குழந்தை பார்ப்பவருக்கே முடியவில்லை என்றால் அந்த நாள் கட்டணம் கழியும். ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதே தாளில் தடுப்பூசி அட்டையின் நகல், ஒவ்வாமை உண்டா, எந்த மருத்துவர், இரண்டு அவசர எண்கள். தாய் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தும் கொடுப்பதில்லை, கிரைப் வாட்டர்கூட.

குழந்தை பார்ப்பது ஒரு வேலை என்றே நம் ஊரில் எண்ணம் வராததற்குக் காரணம் இருக்கிறது. 2019-ல் மத்தியப் புள்ளியியல் துறை எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதற்கு வெளியே விலை வைத்தால் முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் இதை வேலையாகவே மதித்த முன்னுதாரணங்களும் உண்டு. 1969-ல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டடம் எழும்பியபோது, சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் ஆரம்பித்ததுதான் 'மொபைல் கிரெச்சஸ்'. நூறு நாள் வேலைத் திட்டத்திலும், ஒரு வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும், அவருக்கும் அதே கூலி என்று விதி இருந்தது. மண் வெட்டுவதும் குழந்தை பார்ப்பதும் ஒரே கூலி. கர்நாடகம் 2023-ல் அந்தத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகவே 'கூசின மனே' என்று கிராமங்களில் குழந்தை வீடுகள் திறக்க ஆரம்பித்தது.

பௌர்ணமியும் தீபமும்

மற்ற ஊரில் விடுமுறை நாளில் குழந்தை வராது. திருவண்ணாமலையில் தலைகீழ். பௌர்ணமி அன்றும், கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் ஊருக்குள் லட்சக்கணக்கில் கூட்டம். தீபத்தன்று பள்ளி லீவு. ஆனால் பெண் போலீஸ், செவிலியர், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், லாட்ஜ், ஓட்டல், பூக்கடை ஊழியர்கள் யாருக்கும் லீவு கிடையாது. சாதாரண நாளில் பாட்டியிடம் இருக்கும் குழந்தைக்குக்கூட அன்று ஆள் தேவைப்படும், பாட்டியே கடை போட்டிருப்பார் அல்லவா. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல அறிமுக நாள் கிடைக்காது. ஒரு தீபத்துக்குப் பார்த்துக்கொண்ட குழந்தை, தை மாதம் நிரந்தரமாக வந்து சேரலாம்.

ஆனால் அன்றுதான் ஆபத்தும் அதிகம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் அதை ஒட்டிய சாலைகளும் வண்டிக்கு அடைத்துவிடுவார்கள். ஏழு மணிக்கு வருகிறேன் என்ற தாய் பத்து மணிக்கும் வர முடியாமல் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார். "என் தம்பியை அனுப்புறேன், கொடுத்து விடுங்க" என்று போன் வரும். தம்பியை முன்பின் பார்த்ததில்லை. தெருவெல்லாம் வெளியூர் முகம். கொடுக்கக் கூடாது. குழந்தையை அழைத்துப் போக உரிமையுள்ள மூன்று பேரின் பெயரும் படமும் சேர்க்கும்போதே வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த மூவரைத் தவிர, சொந்த மாமாவே வந்தாலும் குழந்தை வீட்டிலேயே இருக்கும், தாய் வரும்வரை. அன்று கோபித்துக்கொள்ளும் தாய் மறுநாள் பத்துப் பேரிடம் இதைத்தான் சொல்வார்.

ரமணாசிரமம் பக்கம் வீடு இருந்தால் மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுக் குடும்பங்களும் கேட்டு வரும். இரண்டு மடங்கு கொடுப்பார்கள். அதற்காக வருஷம் முழுக்க வரும் செவிலியரின் குழந்தைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டால், மாசியில் வீடு காலியாக இருக்கும்.

முதல் குழந்தை வந்துவிட்டால் இரண்டாவது அந்தத் தாய் வழியாகவே வரும். வராத பிரச்சினை வேறு. மூன்று வயதானதும் குழந்தை எல்.கே.ஜி-க்குப் போய்விடும். தாய்க்கு இடமாறுதல் வந்தால் நடு வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். அதனால் மார்ச் மாதமே, யார் யார் ஜூனில் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கமாக வேண்டும். போகிறவரிடம், "புதுசா யாராவது விசாரிச்சா உங்க நம்பர் கொடுக்கலாமா டீச்சர்?" என்று ஒரு வார்த்தை. சரி என்று சொன்ன இரண்டு தாய்மாரின் எண்ணை அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, வீட்டு புரோக்கருக்கு மறுபடி ஒரு போன்.